இணைய டாக்டரை வார்டுக்கு இழுத்து வந்தது தொடர்பாக

பெயர் மகாதேவன், வயது 52, த/பெ பாலசுப்ரமணியம். ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பு, புது தில்லி. மத்திய அரசில் பிரிவு அலுவலர். ஆள்கடத்தல் புகாரின் பேரில் 17.11.2004 அன்று விசாரிக்கப்பட்டுத் தமிழில் சொன்னதை, தமிழ் தெரிந்த தலைமைக் காவலர் மாணிக்கவாசகம் எழுதிக்கொண்டார்.

நான் மேற்படி முகவரியில் மனைவி காந்திமதி, கல்லூரியில் படிக்கும் மகள் மானசா ஆகியோருடன் வசிக்கிறேன். சென்ற கோடையில் மானசா சோற்றை நிறுத்திவிட்டு, வெந்நீரும் ஆப்பிள் துண்டும் மட்டும் எடுத்துக்கொண்டாள். கண்டித்தபோது வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓர் இணையப் பக்கத்தைக் காட்டி, "டாக்டரே எழுதியிருக்கார்ப்பா, நீங்களே செக் பண்ணிக்கோங்க" என்றாள். அலுவலகத்துக்கு வரும் கடிதங்களைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தேன். மேலே முத்திரை, டாக்டரின் பெயர், படம், பதிவு எண், ஜனக்புரி முகவரி எல்லாம் ஒழுங்காக இருந்தன. எழுதியிருந்த விஷயம் சரிதானா என்று எந்த டாக்டரிடமும் கேட்கவில்லை. மனைவியிடம், "விடு, எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன்.

அதன்பின் மானசா, கை வளையல் முழங்கையைத் தாண்டி ஏறும் அளவுக்கு மெலிந்து, பஸ் நிறுத்தத்தில் மயங்கி விழுந்து, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். இதயம் எந்த நேரமும் நின்றுவிடலாம் என்றார்கள். அவள் டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிப் போட்டாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் பொய் சொல்வார்கள் என்று அந்த டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னாள்.

அதன்பின் இன்று காலை ஜனக்புரி முகவரிக்குப் போனேன். அது கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை. அங்கிருந்த தீபக் கன்னா, மெலிவதற்கான பவுடர் விற்கத் தானே அங்கங்கிருந்து எடுத்து ஒட்டிய பக்கம் அது என்றும், அப்படி ஒரு டாக்டரே இல்லை என்றும் சொன்னார். வந்து என் பெண்ணைச் சாப்பிடச் சொல் என்று அவர் காலைப் பிடித்தேன். "அரே அங்கிள், பாகல் ஹோ க்யா?" என்று, எனக்குப் பைத்தியமா என்று கேட்டுச் சிரித்தார். அதன்பின் அவரைக் காலரைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றியதும், வழியில் அடித்ததும் உண்மை.

வார்டில் அவர், அதையெல்லாம் எழுதியது தான்தான் என்றும், சாப்பிடும்படியும் ஹிந்தியில் சொன்னார். மானசா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "டாக்டர் மூஞ்சி எனக்குத் தெரியும்பா. யாரைப் புடிச்சிட்டு வந்திருக்கீங்க?" என்று கேட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தப் பக்கத்தை இன்றே மூடச் செய்வதாக இன்ஸ்பெக்டர் அய்யா சொல்கிறார். எனக்கு எந்தத் தண்டனையும் கொடுக்கட்டும். பக்கத்தை மட்டும் இன்று மூட வேண்டாம். தீபக் கன்னா அதே டாக்டர் பெயரில், அதே படத்துக்குக் கீழே, சாப்பிடலாம் என்று ஒரு வரி எழுதட்டும். மடிக்கணினி ஒன்றை இரவல் வாங்கி மனைவி கட்டிலருகே வைத்திருக்கிறாள். மானசா வேறு எதையும் நம்புவதில்லை.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) பா. மகாதேவன்