ஆறாவது வீரன்

மோர்னிங்சைட் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள்.

"ஐஞ்சு பேரைச் சாக்காட்டிப் பாத்திட்டன்" என்றான் கண்ணாடி போட்டவன்.

இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். கேட்கக் கேட்கத்தான் விளங்கியது. பழைய கம்ப்யூட்டர் விளையாட்டொன்றைப் புதுக் கம்ப்யூட்டரில் ஓடும்படி அவனே திருப்பி எழுதுகிறான். அதிலுள்ள வீரர்களைச் சாகவிட்டுச் சோதிக்கிறான்.

"ஆறாவது ஆள்?" என்று மற்றவன் கேட்டான்.

"அவனுக்குத் தம்பியின்ரை பேர் வைச்சிட்டன், மச்சான். வன்னியிலையிருந்து கனநாளாக் கடிதம் இல்லை."

"விசரா, உது கேம். சோதிக்காமலே சனத்துக்குக் குடுக்கப்போறாய்?"

"சோதிக்கத் தேவையில்லை. அவன் சாகாதமாதிரி எழுதிப்போட்டன்."

"பிழையெண்டு திட்டுவாங்களடா."

"திட்டட்டும்."