கைப்பையில போடவேண்டிய சாமான்

தினுஷா: …அந்தப் பவர் பேங்கை வை எண்டு சொன்னனான். அது ரெண்டாம் நாளே வீங்கிப்போகும். இந்தா, இதைப் பிடி. இருபதாயிரம்.

மெல்ரோய்: விலையா?

தினுஷா: விலையில்லை மடையா, அது பிடிக்கிற அளவு. உன்ட ஃபோனை நாலு தரம் நிரப்பும். பெட்டிக்குள்ள போட்டுராத, கைப்பையில வை. பெட்டியில இருந்தா கட்டுநாயக்கா எயாப்போட்டில பிரிச்சு எடுத்துப்போடுவாங்கள்.

மெல்ரோய்: இதோட மூண்டு பவர் பேங்க் காட்டிட்டீங்க அக்கா. நான் வெல்டிங் செய்யப் போறனா, ஃபோன் கடை போடப் போறனா?

தினுஷா: பதினொரு வருஷமா உட்துறைமுக வீதியில ஃபோன் கடை வச்சிருக்கிறன். சொந்தத் தம்பி நல்ல வயர் ஒண்டு இல்லாமல் வெளிநாடு போனவன் எண்டு நாளைக்கு ஆரும் சொல்லக்கூடாது. எயாப்போட்டுக்குப் போற வான் எத்தினை மணிக்கு?

மெல்ரோய்: நாலுக்கு. சோமசேகரம் அண்ணை நேரா இந்தக் கடை வாசலுக்கே வாறன் எண்டவர்.

தினுஷா: இப்பவே மூண்டே முக்காலாகுது. அம்மா எங்க?

மெல்ரோய்: சேர்ச்சில. மெழுகுதிரி கொளுத்தப் போனவ… இன்னும் வரேல்ல.

தினுஷா: ஒரு பெட்டி மெழுகுதிரியும் முடிஞ்சாத்தான் வருவா. சரி, ப்ளக். ரோமேனியாவில ரெண்டு உருண்டைக் கம்பி. நம்மட மூண்டு கம்பி அங்க போகாது. அடப்டர் ரெண்டு எடு.

மெல்ரோய்: ஒண்டு போதும்.

தினுஷா: ஒண்டை முதல் கிழமையே துலைப்பாய், தெரியாதா உன்னை. கழுத்துத் தலையணை?

மெல்ரோய்: ஐயோ வேண்டாம். நுகம் பூட்டின மாடு மாதிரி இருக்கும்.

தினுஷா: மாடு மாதிரித்தானே இருக்கிறாய்… ஏய், ரோட்டில திரியிற மான் ஒண்டு! மெல்ரோய், வாசல்ல நிண்டு காட்போட் பெட்டியைத் தின்னுது பார், துரத்து!

மெல்ரோய்: சூ… சூ… போ! போயிட்டுது. பெட்டியில பாதியும் போயிட்டுது.

தினுஷா: துலையட்டும், வெறும் பெட்டிதான். வேற என்ன வேணும், சொல்லு.

மெல்ரோய்: ஒரு டோர்ச். தலையில கட்டுறது.

தினுஷா: இந்தா. நல்ல வெள்ளை வெளிச்சம். குச்சவெளியில கடலுக்குப் போறவங்கள் எல்லாம் இதைத்தான்…

மெல்ரோய்: வெள்ளை வேண்டாம். சிவப்பு வெளிச்சம் வாறது இருக்கா?

தினுஷா: சிவப்பா? என்னத்துக்கு?

மெல்ரோய்: சும்மா… வெல்டிங்கில கண் கூசாதாம்.

தினுஷா: ஆர் சொன்னது?

மெல்ரோய்: சுகிர்தன்.

தினுஷா: …சுகிர்தனா?

மெல்ரோய்: ஓம். அவன் அங்க போய் ஆறு மாசமாச்சே. என்னென்ன கொண்டு வரவேணும் எண்டு அவன்தான் லிஸ்ட் அனுப்பினவன்.

தினுஷா: எப்ப அனுப்பினவன்?

மெல்ரோய்: நேத்து.

தினுஷா: நேத்து… எழுதினவனா, கதைச்சவனா?

மெல்ரோய்: கதைச்சுத்தான் அனுப்பினவன். நல்லாத்தான் இருக்கிறான். ஏன் உங்கட முகம் ஒரு மாதிரிப் போகுது?

தினுஷா: ஒண்டுமில்லை. மத்தியானம் சாப்பிடேல்ல… நீ சாம்பல்தீவுக்குப் போய் அவன்ட அம்மாட்டச் சொல்லிட்டு வந்தியா? தங்கரத்தினம் அன்ரியிட்ட?

மெல்ரோய்: நேரம் கிடைக்கேல்ல.

தினுஷா: இருபது நிமிஷ பஸ் ஓட்டம். சின்ன வயசில முழு நாளும் அவட குசினியில சாப்பிட்டுக்கொண்டுதானே கிடந்தனீ.

மெல்ரோய்: டோர்ச் இருக்கா, இல்லையா?

தினுஷா: கீழ்த்தட்டில இருக்கு, எடு. உன்ட ஃபோனை இங்க தா, ஆப் எல்லாம் போட்டு விடுறன்.

மெல்ரோய்: நானே போட்டுக்கொள்ளுறன்.

தினுஷா: ஒரு ஆப் இறக்க உனக்கு ஒரு மணித்தியாலம் வேணும். தா.

மெல்ரோய்: வட்ஸ்அப்பைத் திறக்கக்கூடாது, சரியா?

தினுஷா: உன்ட காதல் கதையை வாசிக்க எனக்கு நேரமில்லை. விரலை வை… ம். முதல் நெட் இல்லாமல் ஓடுற மேப். பேந்து லொக்கேஷன். நீ எங்க நிக்கிறாய் எண்டு எனக்கும் அம்மாவுக்கும் எப்பவும் தெரியிற மாதிரி…

மெல்ரோய்: லொக்கேஷன் வேண்டாம்.

தினுஷா: ஏன்?

மெல்ரோய்: பட்டரி குடிக்கும்.

தினுஷா: அதுக்குத்தானே பவர் பேங்க்.

மெல்ரோய்: ஃபாக்டரியில விடமாட்டாங்கள். அங்கத்தைச் சட்டம்.

தினுஷா: அப்ப பைக்குள்ள இந்த வட்டத்தைப் போடுறன். பார், சட்டைப் பொத்தான் மாதிரித்தான் இருக்கும். பை துலைஞ்சா எங்க கிடக்கெண்டு ஃபோனில காட்டும்.

மெல்ரோய்: அதுவும் வேண்டாம்! எடுங்க அக்கா அதை, எடுங்க எண்டுறன்! சிக்னல் விடுற சாமான் ஒண்டும் கொண்டு வரக்கூடாது. அதைப் பிடிச்சுக்கொண்டு மேலால வந்து…

தினுஷா: மேலால வந்து?

மெல்ரோய்: …ஒண்டுமில்லை.

தினுஷா: மேலால என்ன வரும், மெல்ரோய்? கூரையைப் பிரிச்சுக்கொண்டு சூப்பவைசர் வருவானா?

மெல்ரோய்: பகிடி விடாதேங்க.

தினுஷா: நானா பகிடி விடுறன்? … சரி, விடு. மொழிபெயர்க்கிற ஆப் போட்டிருக்கிறாய் போல. ரோமேனியனை இறக்கி வச்சு விடுறன்…

மெல்ரோய்: அது நான் இறக்கிட்டன். ஃபோனைத் தாங்க.

தினுஷா: பொறு. இங்க ரோமேனியன் இல்லையே. தமிழ் இருக்கு. இங்கிலிஷ் இருக்கு. மூண்டாவது… ரஷ்யன்.

மெல்ரோய்: …அங்க சில ஆக்கள் ரஷ்யனும் கதைப்பாங்கள்.

தினுஷா: அப்படியா.

மெல்ரோய்: தாங்க அக்கா.

தினுஷா: கையை எடு. நீ நட்சத்திரம் போட்டு வச்ச வசனமெல்லாம் வரிசையா வருது. “தண்ணி வேணும்.” நல்லது. “எனக்கு லொறி ஓட்டுற வேலைதான் தந்தது.” நீ வெல்டர் அல்லோ? “இந்தப் படத்தில இருக்கிறவரைக் கண்டீங்களா?” ஆரைத் தேடுறாய்? “சுடாதீங்க. நான் கையை…”

மெல்ரோய்: போதும், வாசிக்காதேங்க.

தினுஷா: “சுடாதீங்க. நான் கையை உயர்த்திட்டன்.” இதை எந்த ஃபாக்டரியிலடா சொல்லவேணும்?

மெல்ரோய்: மெதுவாக் கதைங்க. பக்கத்துத் தையல் கடைக்குக் கேக்கும்.

தினுஷா: கேக்கட்டும்! தையல் கடை நஜ்முன் நிஸாவும் கேக்கட்டும், ரோட்டில போறவனும் கேக்கட்டும். டிக்கெட் எங்க?

மெல்ரோய்: அக்கா…

தினுஷா: பையை இங்க தா. விடு… விடுடா! பாஸ்போட்… இது என்ன… டுபாய். டுபாயில இருந்து மொஸ்கோ. மாதாவே. அங்க அம்மா உன்ட ரோமேனியாவுக்கு மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு நிக்கிறா.

மெல்ரோய்: சண்டை பிடிக்க இல்லை. பின்னுக்கு நிண்டு லொறி ஓட்டுறது. ஒப்பந்தத்தில எழுதியிருக்கு.

தினுஷா: எந்த மொழியில எழுதியிருக்கு?

மெல்ரோய்: அவங்கட மொழியிலதான்.

தினுஷா: சுகிர்தனுக்கும் அப்படித்தான் எழுதிக் குடுத்தவங்கள்!

மெல்ரோய்: …நில்லுங்க. சுகிர்தன் ரோமேனியாவில எண்டுதானே ஊரெல்லாம் கதை. அவன் அந்தப் பக்கம் போனது உங்களுக்கு எப்படித் தெரியும்?

தினுஷா: ஒரு ஊகம்தான்.

மெல்ரோய்: ஊகமில்லை. என்ட முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க.

தினுஷா: நீ முதல் சொல்லு. நேத்து அவன் கதைச்சு அனுப்பினதைப் போடு. கேப்பம்.

மெல்ரோய்: அழிச்சிட்டன்.

தினுஷா: பொய்.

மெல்ரோய்: ஓம், பொய்தான்! நேத்து ஒண்டும் வரேல்ல. ஏழு கிழமையா ஒண்டும் வரேல்ல. கடைசியா ஒரு லொக்கேஷன் மட்டும் அனுப்பினவன். ஒரு வசனம் இல்லை, ஒரு எழுத்து இல்லை. மேப்பில பார்த்தா வயல். பக்கத்தில ஒரு ஆறு ஓடுது. வேற ஒண்டுமில்லை. அதை ஒவ்வொரு நாளும் பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்க்கிறன்.

தினுஷா: அதுக்கு?

மெல்ரோய்: அதுக்குத்தான் போறன். வேற ஒரு வழியாலயும் அந்தப் பக்கம் போக ஏலாது. கையெழுத்து வச்சாத்தான் விடுவாங்கள். லொறி ஓட்டுறவன் முகாமுக்குப் போவான், ஆஸ்பத்திரிக்குப் போவான். படத்தைக் காட்டிக் கேக்கலாம். கேட்டுக் கண்டுபிடிச்சு…

தினுஷா: கண்டுபிடிச்சு? தோளில தூக்கிக்கொண்டு கட்டுநாயக்காவில வந்து இறங்குவியா?

மெல்ரோய்: தெரியாது! அதுக்கு அங்கால நான் யோசிக்கேல்ல.

தினுஷா: சிநேகிதன் எண்டா உயிரையுமா குடுக்கிறது? அம்மாவை நினைச்சுப் பார்த்தியா? பத்துப் பன்னிரண்டு வசனத்தை ஃபோனில இறக்கி வச்சுக்கொண்டு சண்டைக்குள்ள போறானாம்…

மெல்ரோய்: சிநேகிதன் எண்டதுக்காக இல்லை அக்கா.

தினுஷா: பிறகு?

மெல்ரோய்: …அவனை வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற அந்த ஏஜென்சிக்காரனிட்டக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். அந்த ஆள் முதல் எனக்குத்தான் சொன்னவன். படகு யார்ட்டில வேலை குறைஞ்ச நேரம். ரோமேனியா எண்டுதான் அப்ப சொன்னவன், சத்தியமா. எனக்கு மெடிக்கலில காது சரிவரேல்ல. இடம் வீணாப் போகுதே எண்டு நான்தான் சுகிர்தன்ட பேரைக் குடுத்தனான். அவன் ரெண்டு நாள் யோசிச்சவன். நான்தான் வீட்டுக்குப் போய், பைக்கில ஏத்தி… அவன் போகேக்க சாமானெல்லாம் இங்கதான் வாங்கினது. நீங்கதான் சுத்திக் குடுத்தனீங்க. நான் பக்கத்தில நிண்டு சிரிச்சுக்கொண்டு நிண்டனான். ஒருத்தருக்கும் தெரியாது.

தினுஷா: இப்ப காது எப்படிச் சரிவந்தது உனக்கு?

மெல்ரோய்: இந்த முறை ஒருத்தரும் காதைப் பார்க்கேல்ல.

தினுஷா: நீ போகக்கூடாது.

மெல்ரோய்: வான் வரப்போகுது.

தினுஷா: போகக்கூடாது எண்டுறன்.

மெல்ரோய்: அவன் அங்க ஒரு குழிக்குள்ள காலில்லாமல் கிடந்தா? ஆராவது வருவாங்கள் எண்டு பார்த்துக்கொண்டு கிடந்தா? பாஸ்போட்டைத் தாங்க அக்கா. என்னை இழுத்துப் பறிக்க வைக்காதேங்க.

தினுஷா: அவன் பார்த்துக்கொண்டு கிடக்கேல்ல.

மெல்ரோய்: உங்களுக்கென்ன தெரியும்?

தினுஷா: தெரியும். முதல் அந்தக் கதிரையில இரு.

மெல்ரோய்: இருக்கமாட்டன். சொல்லுங்க.

தினுஷா: மூண்டு கிழமைக்கு முதல் தங்கரத்தினம் அன்ரி இங்க வந்தவ. கையில ஃபோன். ஒரு பொடியன் வீடியோ கோல் எடுத்து எடுத்துச் சிங்களத்தில அழுறான், எனக்கு ஒண்டும் விளங்கேல்ல, நீ கேட்டுச் சொல்லு பிள்ளை எண்டவ. நான் திருப்பி எடுத்தன். நீர்கொழும்புப் பொடியன். ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடக்கிறான், கையில கட்டு. சுகிர்தனோட ஒரே குழிக்குள்ள நிண்டவனாம்…

மெல்ரோய்: வேண்டாம்.

தினுஷா: மேலால ட்ரோன் வந்ததாம். சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்க்க முதல்…

மெல்ரோய்: வேண்டாம் அக்கா, சொல்லாதேங்க.

தினுஷா: உடனயாம் மெல்ரோய். கத்தவும் இல்லையாம். இவன்தான் மண் போட்டு மூடினவன். கழுத்துச் சங்கிலியைக் கழட்டி வச்சிருக்கிறான். காட்டினவன். அந்தச் சின்ன வேல் தொங்குற சங்கிலி. அவன் ஒவ்வொரு வசனமாச் சொல்லச் சொல்ல, நான் ஒவ்வொரு வசனமா அன்ரிக்குத் தமிழில சொன்னனான். என்ட வாயாலதான் அந்த மனுஷிக்குச் சொன்னனான்.

மெல்ரோய்: மூண்டு கிழமை. மூண்டு கிழமையா ஒரே மேசையில இருந்து என்னோட சாப்பிட்டனீங்க.

தினுஷா: கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கினவ. அங்க இருந்து கடுதாசி ஒண்டு வராமல் ஊருக்குச் சொல்லமாட்டன் எண்டவ.

மெல்ரோய்: நான் ஊரா?

தினுஷா: நீ வேற ஏஜென்சியால உண்மையாவே ரோமேனியாவுக்குப் போறாய் எண்டுதானே நானும் நினைச்சன். அங்க போய் வேலையில இருந்தா, ஆறுதலா ஒரு நாள்… ஃபோன் அடிக்குது. சோமசேகரம் அண்ணை.

மெல்ரோய்: தாங்க.

தினுஷா: மெல்ரோய், சொல்லுறதைக் கேள்…

மெல்ரோய்: தாங்க எண்டுறன். … ஹலோ. ஓம் அண்ணை. வந்திட்டீங்களா? இல்லை… இல்லை அண்ணை, இறங்காதேங்க, பெட்டி ஏத்தவேண்டாம். நான் வரேல்ல. ஓம். மற்ற ஆக்களை ஏத்திக்கொண்டு போங்க. இல்லை அண்ணை, நாளைக்கும் இல்லை.

தினுஷா: இந்தா, தண்ணி. குடி.

மெல்ரோய்: சாம்பல்தீவுக்குப் போகவேணும். இப்பவே போகவேணும்.

தினுஷா: போவம். நானும் வாறன். கடையைப் பூட்டுறன்.

மெல்ரோய்: இல்லை… ஏலாது. அந்த மனுஷிக்கு முன்னால எப்படிப் போய் நிக்கிறது? நான்தான் கொண்டு போய் விட்டனான் எண்டு அவவுக்குத் தெரியாது அக்கா. சொல்லாமல் அந்த வீட்டுக்குள்ள இருக்கவும் ஏலாது, சொல்லவும் ஏலாது.

தினுஷா: நீ ஒண்டும் சொல்லத் தேவையில்லை.

மெல்ரோய்: தேவையில்லையா? என்ன கதை கதைக்கிறீங்க?

தினுஷா: அண்டைக்கு அன்ரி சத்தியம் வாங்கினது ஊருக்காக இல்லை மெல்ரோய். உனக்காக. “மெல்ரோய் என்ட பிள்ளையைப் பைக்கில ஏத்தி ஏஜென்சிக்குக் கொண்டு போனதை நான் வீட்டுக் கேற்றடியில நிண்டு பார்த்தனான் பிள்ளை. அவனிட்ட மட்டும் இதைச் சொல்லிப்போடாத, தாங்கமாட்டான். இருக்கிற பிள்ளையாவது இருக்கட்டும்” எண்டவ.