கணுவுக்கு நேர் கீழே ஒரு கடை

மேடையை நிறைத்து வீற்றிருக்கும் சந்தைக் குழுத் தலைவர் அவர்களே, முன்வரிசையை யாருக்கும் விட்டுக்கொடுக்காத மூத்தோர்களே, கூடையை மடியிலேயே வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, இரும்போடு இரும்பை இணைத்த கைகளுக்குச் சொந்தக்காரர்களே, அனைவருக்கும் இந்தக் கூரையை வடிவமைத்தவளின் அன்பு வணக்கம்!

அண்ணாந்து பாருங்கள்! மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக நெடுக ஓடுகின்றன சதுர நெடுங்குழாய்கள். அவற்றுக்கு நடுவே சாய்ந்து நின்று தோள் கொடுக்கின்றன சாய்குழாய்கள். குழாயும் குழாயும் கூடும் இடத்துக்குக் கணு என்று பெயர். அங்கே போல்ட் இல்லை, இணைப்புப் பட்டை இல்லை, வெல்டு மட்டுமே! கூரையின் கனத்தைச் சுமப்பது குழாய். அந்தக் குழாயின் மானத்தைக் காப்பது எது? கணு!

பின்னாலிருந்து ஒருவர் கேட்கிறார், "கூரை போட ஏம்மா இவ்ளோ லேட்டு?" என்று. ஐயா, அதைச் சொல்லத்தானே மைக்கைப் பிடித்திருக்கிறேன்!

முதலில் தேர்ந்தெடுத்த நெடுங்குழாய் அகலத்தில் பெரிது, தகட்டில் மெலிது. எடை குறைவு, பார்வைக்கு எடுப்பு. எல்லோருக்கும் பிடித்துப்போனது, எனக்கும்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. பட்டறை நடத்தும் என் அக்காள் கணவரிடம், "ஒரே ஒரு கணுவைச் செஞ்சு அழுத்திப் பாத்துடலாம் அத்தான்" என்றேன். அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் வெல்டு மேலயே சந்தேகமா? அது விட்டுச்சுன்னா மீசையை எடுத்துடறேன்!"

"எடுக்கறதுக்கு அங்க என்ன இருக்கு?" என்றாள் அக்கா. சிரிக்காதீர்கள், அத்தான் இங்கேதான் இருக்கிறார்!

சோதனை இயந்திரத்தில் ஏற்றினோம். அழுத்தினோம், அசையவில்லை. அழுத்தினோம், அலுங்கவில்லை. இன்னும் அழுத்தினோம், டொக்! வெல்டு விட்டதா? இல்லை! சாய்குழாய் வளைந்ததா? இல்லை! நெடுங்குழாயில் சாய்குழாய் வந்து முட்டும் முகம் தகர டப்பாவைப் போல உள்ளே ஒடுங்கிப்போனது, அதுவும் தாங்க வேண்டிய பாரத்துக்கு வெகு முன்பே.

அத்தானின் மீசை தப்பியது. என் தூக்கம் போனது. இனி வெல்டைப் பெருக்கிப் பயனில்லை, குழாயையே மாற்ற வேண்டும். அகலம் குறைந்து தகடு தடித்த குழாய், சாய்குழாயின் அகலத்தையே ஒட்டிய குழாய்! அப்போதுதான் பாரம் முகத்தின் நடுவில் குத்தாமல் பக்கச் சுவர்களில் நேராக இறங்கும். ஆனால் மாற்றினால் திறப்பு தள்ளிப்போகும். நீங்களோ தார்ப்பாய்க்கு அடியில் வெந்துகொண்டிருந்தீர்கள்!

உங்கள் முன்னே வந்து நின்றேன். "இன்னும் கொஞ்சம் பொறுங்க" என்றேன். அடேயப்பா, எத்தனை வசவு! தக்காளிக் கூடையோடு என்னைப் பெற்றவளும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். எல்லோரும் ஓய்ந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மாத்தினா, கீழ நிம்மதியா உக்காரலாமா?"

"உக்காரலாம்மா."

"அப்ப மாத்து."

மாற்றினோம். மறுபடியும் அழுத்தினோம். தாங்க வேண்டியதைத் தாண்டியும் கணு கம்பீரமாக நின்றது! அத்தான் போட்ட கூச்சலில் பட்டறையே அதிர்ந்தது. எனக்கோ அழுகை வந்துவிட்டது.

பெரியோர்களே! குழாயைக் கணக்கிட்டுக் கணுவை மறந்தால் அது கூரையா? காப்பதா கவிழ்ப்பதா என்பதைக் கணுவிடம் அல்லவா முதலில் கேட்க வேண்டும்?

நேற்று அவரவர் விருப்பத்தைக் கேட்டுக் கடைக்கு இடம் ஒதுக்கினார்கள். வாசலோரம் வேண்டும், காற்று வரும் மூலை வேண்டும் என்று ஒரே போட்டி. அம்மா மட்டும் என் கையைப் பிடித்து இழுத்துப்போய், "எல்லாத்தையும்விட அதிகமா பாரம் தாங்கற கணு எதுடி?" என்றாள். காட்டினேன். அதற்கு நேர் கீழே கூடையை இறக்கிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

பொறுத்தவர்களுக்கு நன்றி, திட்டியவர்களுக்கும் நன்றி, மீசை பிழைத்த அத்தானுக்குத் தனி நன்றி! உங்கள் வியாபாரம் செழிக்கட்டும். அம்மா கடையில் தக்காளி வாங்குபவர்கள் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போங்கள். வணக்கம்!