பின்னறையில் விளைந்த வைரம்

தர்மராசா: ...ஆகவே அறுபத்திரண்டாம் ஆண்டு முடியிறதுக்குள்ளை உலகத்திலை உள்ள வைரச் சுரங்கம் எல்லாம் பூட்டுப்படும். காரணம், பதுளையிலை கெமிஸ்ற்றி படிப்பிக்கிற நான்.

நிஸாம்: பூட்டட்டும். முந்தி இந்தக் குழாயைப் பாரு மச்சான். உள்ளுக்குக் கல்லு கருத்துப் போய் ஈக்கு.

தர்மராசா: வாயுவிலை இருக்கிற கரி, வைரத்துக்கு மேலை வைரமாப் படியோணும். மெல்லிசா, தோல் மாதிரி. அமெரிக்காவிலை படிஞ்சதாம். சஞ்சிகையிலை போட்டிருக்கு.

நிஸாம்: இங்க அடுப்புக்கரி மாதிரியில்ல படிஞ்சிருக்கு.

தர்மராசா: வாயு சுத்தமில்லை. நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்துச் சேத்திலை குமிழியா வந்ததைப் பிடிச்சது. நைதரசன் கொஞ்சம், கந்தகம் கொஞ்சம்...

நிஸாம்: கூழ்முட்டை நாத்தம் கொஞ்சம்.

தர்மராசா: அதுதான் கந்தகம். தக்கையாலை காத்தும் பூந்திட்டுது. துளி அழுக்குப் போதும், வைரம் வளராது.

நிஸாம்: கல்லு ஆருட?

தர்மராசா: ...தெரிஞ்ச ஆளின்ரை.

நிஸாம்: பொம்புளையா?

தர்மராசா: விஞ்ஞானத்திலை ஆம்பிளை, பொம்பிளை இல்லை.

நிஸாம்: கமலாதேவி அக்காட மூக்குத்திக் கல்லு மாதிரி...

தர்மராசா: மெல்லக் கதை. மனிசி குசினியிலை சமைச்சுக்கொண்டு நிக்கிறா. நாளைக்குத் தன்ரை தங்கச்சியின்ரை கலியாணத்துக்குப் போடக் கேப்பா.

நிஸாம்: கரியைத் துடைச்சு ஊதிப் பார்ப்பமே. வைரமெண்டா மூச்சுப் படிஞ்சதும் காஞ்சிரும். எங்கட நகைக்கடையில வாப்பா அப்படித்தான் பார்க்கிற.

தர்மராசா: இது ஆய்வு. மந்திரிக்கிற இடமில்லை. கல்லை ஊதிப் பாக்கிறவனுக்கு ஏன் கெமிஸ்ற்றி?

கமலாதேவி: இஞ்சாருங்கோ, ஏன் ரெண்டு பேரும் விறைச்சுப்போய் நிக்கிறியள்?

தர்மராசா: சும்மா... வாயுவைப் பற்றி.

கமலாதேவி: குழாய்க்குள்ளை என்ரை கல்லோ?

தர்மராசா: அது... கழுவினால் போகும். வாயுவிலைதான் பிழை.

கமலாதேவி: கழுவாதேங்கோ. அப்பிடியே கிடக்கட்டும்.

தர்மராசா: கோவமே?

கமலாதேவி: அது வைரமில்லை. வைரம் மாதிரி மினுங்கிற மாத்தறைக் கல்லு. உங்கட சஞ்சிகை வந்த அண்டைக்கே நிஸாமின்ரை கடையிலை மாத்திப்போட்டன்.

தர்மராசா: நிஸாம்?

நிஸாம்: அக்கா சொல்ல வாணாமெண்டாங்க.

தர்மராசா: அப்ப பிழை கல்லிலைதான்... வாயு சுத்தம்தானோ?

கமலாதேவி: நாளைக்குப் போட வைரத்தை எடுத்து வைச்சிருக்கிறன். இந்தாங்கோ, கண்ணாலை மட்டும் பாருங்கோ.

தர்மராசா: வெளிச்சத்திலை பாக்கோணும்.

கமலாதேவி: யன்னலடியிலை திரும்பி நிண்டு என்ன செய்யிறியள்? ஊதிற சத்தம் கேக்குது.

தர்மராசா: ...தூசி.