பொட்டு வைத்த ஹெலிகொப்டரும் நம் தலைவர் நல்லமுத்துவும்

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, தோட்டத்தை நடத்தும் துரை அவர்களே, தலைவரை நினைவுகூர, நாம் தினமும் வேலைக்குப் பேர் கொடுக்கும் இந்தப் பெரட்டுக் களம் நிறைய வந்து அமர்ந்திருக்கும் என் உறவுகளே! மாதர் சங்கத் தலைவி நாகலெட்சுமியின் வணக்கம்.

நம் தோட்டத் தலைவர் அமரர் நல்லமுத்து அவர்களைப் பற்றி எதைச் சொல்வேன்? அழ வேண்டிய இடத்தில் அவரை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறதே!

நாம் குடியிருந்த மேல் லயங்களை மண் மூடிய அந்தப் புயல் மழையை யார் மறப்பார்? பாதை அறுந்து, அரிசி தீர்ந்து, பாடசாலைக்குள் ஒடுங்கிக் கிடந்தோம். அப்போதுதான் விமானப்படை ஹெலிகொப்டர் சாமான்களோடு நம் மைதானத்தில் இறங்கியது. மூட்டைகளை இறக்கி முடிப்பதற்குள் மேட்டுப் பக்கம் சரிந்தது.

"ஓடுங்க! எல்லாரும் ஸ்கூல் பக்கம் ஓடுங்க!" என்று கத்தியவர் யார்? நம் தலைவர்! விமானிகள் இருவரையும் கையைப் பிடித்து இழுத்து வந்தவர் யார்? அவரேதான்! சரிந்த மண் ஹெலிகொப்டரில் மோதியது. வால் நெளிந்தது. மேலே சுழலும் இறக்கை முறிந்தது. ஆனால் மண் அதோடு நின்றது. பாடசாலைச் சுவரைத் தொடவில்லை!

நம்மைக் காத்தது மரமானாலும் கல்லானாலும் மஞ்சள் துணி கட்டிப் பொட்டு வைப்பது நம் வழக்கம் அல்லவா? மறுநாள் காளியாயி அக்கா அந்த ஹெலிகொப்டருக்கும் அதையே செய்துவிட்டார். தலைவருக்கு வந்ததே கோபம்! கோயிலுக்கு வந்தாலும் வாசலில் நின்று பேப்பர் படிக்கிறவர் அவர்.

"ஏ காளியாயி, ஆமிக்காரங்க மெஷினுக்குப் பொட்டா? கேஸ் போட்டுருவாங்க!"

"போடட்டும் தலைவரே. நம்ம புள்ளைங்கள காத்துச்சுல்ல?"

மழை விட்டதும் ஹெலிகொப்டரை எடுத்துப் போக வந்தார்கள். அதற்காகப் பாதை வெட்டினார்கள், கிரேன் கொண்டுவந்தார்கள். நமக்கு என்ன வந்தது? வீடிழந்த நாங்கள் வகுப்பறையிலேயே கிடந்தோம். தலைவரும் அவர் மனைவி மீனம்மா அக்காவும் எங்களோடுதான் கிடந்தார்கள்.

கிரேன் ஓட்டுநர் மஞ்சள் துணியைப் பார்த்தார். கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டார்! கூலிக்குப் போன நம் பையன்களும் கை வைக்க மறுத்தார்கள். அதிகாரி தலைவரைக் கூப்பிட்டு, இதை எப்படித்தான் எடுப்பது என்று கேட்டார். சாமி கும்பிடாத அந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? செருப்பைக் கழற்றினார்! கண்ணை மூடினார்! பிறகு சிங்களத்தில் சொன்னார். அதை நம் பேச்சில் சொல்கிறேன்:

"மாத்தயா, சாமி இன்னும் உத்தரவு குடுக்கல. இங்க இருக்கிற குடும்பங்களுக்கு வீடு கட்ட எடம் காட்டுனா குடுக்குமாம்."

அதிகாரி சிரித்துவிட்டார். ஆனாலும் போனை எடுத்தார். யார் யாரோடோ பேசினார். ஆற்று வெள்ளம் ஏறாத, மலை சரியாத அந்தச் சமதரையில் நமக்கு வீட்டு நிலம் அளந்து முளை அடித்தார்கள். அன்றுதான் தலைவர் தன் கையால் மஞ்சள் துணியை அவிழ்த்தார். அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்ததை நான் பார்த்துவிட்டேன்.

"என்னங்க தலைவரே, பக்தி வந்துருச்சா?" என்றேன்.

"சும்மா இரு நாகு. கை தொடைக்க வச்சிருக்கேன்" என்றார்.

ஆனால், உறவுகளே, முளை அடித்ததோடு சரி! ஹெலிகொப்டர் போய்விட்டது. வீடு வரவில்லை. தலைவர் வீடு கேட்டு அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். நெஞ்சு வலியோடும் ஏறினார். கடைசியில் அந்த வகுப்பறையிலேயே கண்ணை மூடினார். என் வயிறு எரிகிறது!

இனியும் காத்திருப்போமா? மாட்டோம்! வருகிற ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு அந்தச் சமதரையில் கூடுவோம். துரை அவர்களே, நீங்களும் வர வேண்டும். சீமெந்துக்கும் கல்லுக்கும் வழி செய்ய வேண்டும்.

முதல் அத்திவாரம் யாருடைய வீட்டுக்கு? தலைவர் இருந்திருந்தால், "தலைவன் வீடு கடைசியிலதான்" என்று சண்டைக்கே வந்திருப்பார். அவர் பேச்சை நாம் ஒருநாளும் மீறியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மீறப் போகிறோம். முதல் வீடு மீனம்மா அக்காவுக்கு.