பிறிஜெற் எழுதாத பெயர்

மாலை ஆறே முக்கால் மணி. பௌர்ணமிப் போயா விடுமுறை, கொழும்பு கொட்டாஞ்சேனையில் கடைகளெல்லாம் பூட்டு. துறைமுகத்துப் பக்கம் இறங்கும் அந்த ஒழுங்கையில் ஒரு முச்சக்கர வண்டிகூட இல்லை... மழை விட்டுக் கால் மணித்தியாலம் ஆகியிருக்கும். கூரைப் பீலியிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. டப்... டப்... அந்த ஒழுங்கையில் பிறிஜெற் தனியாக வந்துகொண்டிருந்தாள்.

கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள். என்னோடு வேலை செய்யும் டில்ஷானியைத் தெரியும்தானே, அவளுடைய அம்மாதான் இந்தப் பிறிஜெற். டில்ஷானி இதை எனக்குச் சொன்னது பட்டப்பகலில், கன்ரீனில், பிளேன்ரீ குடித்துக்கொண்டு. அப்படியிருந்தும் அன்றிரவு நான் லைற்றை அணைக்காமல்தான் படுத்தேன். நடுவில் யாரும் தண்ணீர் குடிக்கிறேன் என்று எழும்பக் கூடாது.

பிறிஜெற்றின் கணவர் எட்வேட். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜன்சியில் கிளாக்காக இருந்தவர். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஒக்ரோபர் பதினைந்து, திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனார். வரவில்லை. யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் அப்படி எத்தனை பேர் வரவில்லை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. டில்ஷானிக்கு அப்போது ஐந்து வயது.

பிறிஜெற் மகளோடு வெள்ளவத்தைக்கு மாறினாள். ஆனால் ஒவ்வொரு நவம்பரும் இரண்டு காரியம் செய்வாள். ஒன்று, பதிவுக் கந்தோருக்குப் போய் எட்வேட்டின் பெயரில் மரணப் பதிவு இருக்கிறதா என்று தேடச் சொல்லி விண்ணப்பம் கொடுப்பாள். 'அப்படி ஒரு பதிவு இல்லை' என்று கடிதம் வரும். அதைக் கையில் வாங்கிய அன்று, புறக்கோட்டையில் இறங்கி மகளுக்கு மஸ்கற் இனிப்பு வாங்கிக்கொண்டு வருவாள். செத்தவர்களின் புத்தகத்தில் இல்லை என்றால், எங்கேயோ இருக்கிறார். அந்த ஒரு கடிதத்தைப் பிடித்துக்கொண்டு அவள் அடுத்த நவம்பர் வரைக்கும் இழுப்பாள். பாவம்.

மற்றக் காரியம் கோயில். கத்தோலிக்கருக்கு நவம்பர் மரித்தவர்களின் மாதம். கோயிலில் ஒரு தாள் கொடுப்பார்கள், வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். மாதம் முழுக்கப் பூசையில் அந்தப் பெயர்களை வாசித்துச் செபிப்பார்கள். பிறிஜெற் கொட்டாஞ்சேனைக்கே போய், தன் பழைய கோயிலில்தான் எழுதிக் கொடுப்பாள். அப்பா பெயர், அம்மா பெயர், தம்பி றேமண்ட் பெயர். எட்வேட்டின் பெயரை எழுதவே மாட்டாள். காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது என்று கிராம சேவகர் வந்து சொன்னபோதும் அவள் பதில் ஒன்றுதான்.

"செத்துப்போனார் எண்டு நான் என்ரை கையால எழுதமாட்டன்."

இப்படியே பதினேழு வருடம் போனது.

போன வருடத்துக்கு முந்திய நவம்பர். ஞாயிறு பூசை. சுவாமியார் பெயர்களை வாசித்துக்கொண்டே போகிறார்... பிறிஜெற் தலை குனிந்தபடி இருக்கிறாள். அப்பா பெயர் வந்தது. அம்மா வந்தது. றேமண்ட். அதற்குப் பிறகு எங்கேயோ நடுவில், முழுப் பெயராக, எட்வேட்.

அதற்குப் பிறகு வாசித்த பெயர் ஒன்றும் அவளுக்குக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மகளைப் பிடித்துக்கொண்டாள். "நீதானே குடுத்தனி? உன்ரை அப்பரைச் சாக்காட்டிட்டாய், என்ன?"

"நான் குடுக்கேல்ல அம்மா. மாதாவாணை நான் குடுக்கேல்ல."

பிறிஜெற் நம்பவில்லை. ஐந்து நாள் இரண்டு பேரும் கதைக்கவில்லை. ஒரே வீடு, ஒரே குசினி, அவளவள் கோப்பையை அவளவள் கழுவினாள். டில்ஷானி இதைச் சொல்லும்போது அழுதாள். தகப்பன் போனதைவிட அந்த ஐந்து நாள்தான் பொல்லாதது என்றாள்.

ஆறாம் நாள்தான் அந்தப் போயா. அந்தத் தாளைக் கண்ணால் பார்த்து, மகளின் கையெழுத்தை மகளுக்கே காட்ட வேண்டும் என்றுதான் பிறிஜெற் அந்த ஒழுங்கையில் தனியாக வந்தாள்.

கோயிலில் ஹியூபேட் மட்டும் இருந்தார். கோயிலைத் திறந்து பூட்டுகிறவர், அங்கே வந்து மூன்று வருடம்தான். மெழுகுதிரிக் கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சர்... சர்... அவள் விசயத்தைச் சொன்னதும் பெட்டியைத் திறந்து, தாள்களைப் புரட்டி, ஒன்றை எடுத்து நீட்டினார். தாள் காய்ந்து சுருங்கிக் கிடந்தது. கிட்டக் கொண்டுபோனபோது ஆற்றுச் சேற்று மணம் வந்தது.

மகளின் கையெழுத்து இல்லை.

பெயர். அதற்குப் பக்கத்தில் இறந்த திகதி, 17-10-2007. இரண்டு ஏழுக்கும் குறுக்கே ஒரு சின்னக் கோடு. கப்பல் கடதாசிகளில் ஏழும் ஒன்றும் மாறிப்போகக் கூடாது என்று எட்வேட் அப்படித்தான் கோடு போடுவார். வீட்டுக் கலண்டரிலும் போடுவார்.

பிறிஜெற் பக்கத்து வாங்கில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆர் அண்ணன் இதைத் தந்தது?"

"ஒரு மனுசன், மிசிஸ். பின்னேரம் பூசை முடிஞ்சு நான் பூட்டேக்க வந்தவர். தொப்பலா நனைஞ்சிருந்தார். உள்ளுக்கு வாங்கோ எண்டன்... வரேல்ல. வாசல்லயே நிண்டு பேப்பர் கேட்டார்."

"என்ன கதைச்சவர்?"

ஹியூபேட் பெட்டியை மூடினார். "நான்தான் கேட்டன், வீட்டில எழுத ஆக்கள் இல்லையோ எண்டு. 'இருக்கினம்' எண்டார். 'அவ எழுதமாட்டா' எண்டார். கோவமாச் சொல்லேல்ல மிசிஸ். களைச்சுப்போய்ச் சொன்னமாதிரி." பிறகு தலையைச் சொறிந்தார். "ஆனா அண்டைக்கு மழை இல்ல."

திங்கட்கிழமை கந்தோர் திறந்ததும் அவள் பதிவுக் கந்தோருக்குப் போனாள். இந்த முறை டில்ஷானியும் போனாள். வழியில் பஸ்சுக்குள் மகளின் கையைப் பிடித்து, "என்னை மன்னிச்சுக்கொள்" என்று மட்டும் சொன்னாளாம். கவுண்டரில் நஸ்லா என்று ஒரு பிள்ளை, முக்காடு போட்டுக்கொண்டு, நல்ல பொறுமை. பழைய கடிதங்களையெல்லாம் பார்த்தாள்.

"ஆன்ட்டி, நீங்க இவ்வளவு நாளும் பேர வெச்சித்தானே தேடின. பேர் தெரியாம அடக்கின மையத்து அதுல வராது. அதெல்லாம் வேறயா ஈக்கி. திகதி தெரியுமா?"

பிறிஜெற் திகதியைச் சொன்னாள். 

அரை மணித்தியாலம். மேலே விசிறி கடகடவென்று சுற்றியது. நஸ்லா பெரிய புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்தத் திகதியில் அப்படி ஒரே ஒரு பதிவு. இடம், முகத்துவாரம், ஆற்றங்கரை. ஆண். வயது சுமார் முப்பத்தைந்து. மரண காரணம், நீரில் மூழ்கியமை. பெயர் என்ற கட்டத்தில், தெரியாது.

முகத்துவாரம். கோயிலிலிருந்து ஓட்டோவில் பத்து நிமிடம். பதினேழு வருடமாக அவள் வாங்கிவந்த ஒவ்வொரு 'இல்லை'யும் அந்தத் 'தெரியாது'வின் பக்கத்திலேதான் கிடந்திருக்கிறது. பெயர் இல்லாத மனிதனை அவள் பெயர் சொல்லித் தேடியிருக்கிறாள். இதைவிடக் கொடுமை எனக்குத் தெரியாது.

அவள் கந்தோரில் அழவில்லை. வீட்டுக்கு வந்து, எட்வேட்டின் பழைய சேட் ஒன்றை அலுமாரியிலிருந்து எடுத்து, தோய்த்துக் காயப்போட்டாள். அது காயும் மட்டும் பல்கணியில் நின்று அழுதாள். டில்ஷானி பக்கத்தில் நின்றாள்.

போன நவம்பர் இரண்டாம் வாரம் பிறிஜெற் கோயிலுக்குப் போனாள். தாளில் முதல் பெயராக எட்வேட்டின் பெயரைத் தன் கையால் எழுதினாள். பெட்டியில் போட்டுவிட்டு, கேட்கவா விடவா என்று நின்று, கடைசியில் ஹியூபேட்டிடம் கேட்டாள்.

"அண்ணன்... அந்த மனுசன் இந்த வருசமும் வந்தவரே?"

"இல்ல மிசிஸ். அவர் வரேல்ல."

அவளுக்கு நெஞ்சு லேசானது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள். இவ்வளவு காலமும் வாசலில் நின்ற ஆள், இனியாவது போய்ப் படுக்கட்டும் என்று நினைத்தாள். சிலுவை போட்டுக்கொண்டு திரும்பினாள். அப்போதுதான் பார்த்தாள், ஹியூபேட் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் வரேல்ல..." ஹியூபேட் குரலைத் தாழ்த்தினார். "மற்ற ஆக்கள் வந்தவை. ஏழெட்டு நாளா, பூட்டுற நேரம். ஆம்பிளையள், ரெண்டு மூண்டு பொம்பிளையளும். சின்னப் பெடியளும் நிண்டவை. எல்லாரும் நனைஞ்சுபோய். ஒருத்தரும் உள்ளுக்கு வரேல்ல. எல்லாரும் ஒண்டைத்தான் சொல்லினம், வீட்டில எழுதமாட்டினமாம்."

பிறிஜெற் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"முன்னூறு பேப்பர் அடிச்சு வச்சனான், மிசிஸ். உங்களுக்குத் தந்ததோட முடிஞ்சு போச்சு. இண்டைக்கும் வந்து நிப்பினம்... நான் என்னத்தைக் குடுக்கிறது?"