மழைத்தண்ணீர் போன வழி

அத்திபெலேயிலிருந்து வரும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். வெளியே மழை வலுத்துக்கொண்டிருந்தது.

"பதிலைக் குடுத்திருந்தா அந்தப் பொண்ணு வீட்டுலயே இருந்திருக்கும்க்கா" என்றாள் இளையவள்.

என் காது நீண்டுவிட்டது. ஒட்டுக்கேட்பதில் மட்டும் எனக்குச் சோம்பல் கிடையாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆன்லைன் பாடம் தயாரிப்பவர்கள் என்று புரிந்தது.

"என்ன கேள்வி போட்டே?"

"உங்க தெரு மழைத்தண்ணி எங்க போகுது, கண்டுபிடிங்கன்னு. ஜீவனஹள்ளிப் பொண்ணு, ஏழாங்கிளாஸ். கால்வாய் ஓரமாவே நடந்து போயிட்டாளாம். அவங்கம்மா போன்ல அழறாங்க."

"மேப்ல பாருங்கன்னு ஒரு வரி போட வேண்டியதுதானே?"

"போட்டேன். வழியைச் சொன்னா பிள்ளைங்க யோசிக்காதுன்னு நீங்கதானேக்கா வெட்டினீங்க."

இளையவளின் போனில் மெசேஜ் வந்தது. நான் இறங்கவேண்டிய ஸ்டாப் வந்து போயிற்று. அசையவில்லை.

"போட்டோ அனுப்பிருக்கா. கால்வாய்க்குள்ள இறங்குற படியில நிக்கிறா. தண்ணி செருப்பைத் தொடுது."

"போன் பண்ணு."

"அவ கையில இருக்கறது கிளாஸ் டேப்லெட்டுக்கா. மெசேஜ்தான் போகும்."

"அப்போ பதிலையே எழுதுடி. ஏரிக்குப் போகுது, நீ வீட்டுக்குப் போன்னு எழுது."

இளையவள் எழுதி அனுப்பினாள். உடனே வந்த பதிலை மெதுவாக வாசித்தாள்.

"ஆதாரம் இல்லாம எதையும் நம்பாதேன்னு சொன்னீங்களே மிஸ். இன்னும் கொஞ்ச தூரம்தான், பாத்துட்டு வந்துடறேன்."